அடிவயிற்றில் வைத்த கை

ஓடும் பேருந்தில் நடத்துநராக ஒற்றைக் கம்பியைப் பிடித்தபடி ஊரையே ஏற்றி இறக்கி, ஓய்வுபெற்ற பின்பும் ஓயாமல் இந்தக் குடியிருப்பின் நலனைத் தோளில் சுமந்து நிற்கும் அவைத்தலைவர் அவர்களே! முழங்கால் வலியை முணுமுணுப்பாகக்கூட வெளிக்காட்டாமல் மாடிப்படி இறங்கி வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற ஐயத்தை அடிமனத்தில் வைத்துக்கொண்டே என் முகம் பார்த்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே! பணி முடிந்து பசியோடு வந்திருந்தும் பொறுமை காக்கும் சகோதரிகளே! இது பெண்கள் கூட்டம், நமக்கென்ன வேலை என்று சுவரோரம் சாய்ந்து நிற்கும் ஆண்களே! உங்கள் அனைவருக்கும் இந்த எளிய இயன்முறை மருத்துவரின் வணக்கம். சுவரோரம் நிற்பவர்கள் தயவுசெய்து உட்காருங்கள். இன்றைக்குச் சொல்லப்போவதில் உங்களுக்கும் பங்கு உண்டு.

தலைவர் எனக்கு முன்பே எச்சரிக்கை விடுத்துவிட்டார். நேரம் தாண்டினால் பழைய பழக்கத்தில் விசில் ஊதிவிடுவாராம். ஊதுங்கள் ஐயா. ஆனால் சொல்லவேண்டிய இடத்துக்கு வந்து சேரும்வரை வண்டியை நிறுத்தமாட்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் ஒரு பதாகை தொங்குகிறது. "ஒரே மாதத்தில் தட்டையான அடிவயிறு! வீட்டிலேயே செய்யலாம்!" என்று அதில் எழுதியிருக்கிறது. கீழ்த்தள அறையில் நாளை தொடங்கவிருக்கும் பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்க்க அச்சடித்திருக்கிறார்கள். எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதினார்கள். வீட்டிலேயே செய்யலாம் என்ற பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரே மாதம், தட்டை என்ற பாதிக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். அடிவயிறு என்ன சப்பாத்திப் பலகையா, தட்டையாக இருந்தே தீரவேண்டும் என்பதற்கு?

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். சிரிக்கும்போது குலுங்குகிறதே, அந்த இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

தமிழ் பேசும் நாம் வயிற்றுக்குக் கொடுத்திருக்கும் வேலை கொஞ்சமா? பயம் வந்தால் நமக்கு வயிற்றில் புளி கரைகிறது. பொறாமை வந்தால் வயிறு எரிகிறது. நல்ல செய்தி வந்தால் வயிற்றில் பால் வார்க்கிறது. பிழைப்பைக் கெடுத்தால் வயிற்றில் அடித்தான் என்கிறோம். பிள்ளைக்கு ஒன்று என்றால் பெற்ற வயிறு பற்றி எரிகிறது. இத்தனை பாரத்தையும் ஓர் உறுப்பின்மேல் ஏற்றி வைத்தோமே, அந்த உறுப்பைத் தாங்கி நிற்கும் தசையை என்றைக்காவது நினைத்தோமா? முகத்துக்கு மஞ்சளும் களிம்பும் உண்டு. கூந்தலுக்கு எண்ணெய் உண்டு. காலுக்குக் கொலுசு உண்டு. அடிவயிற்றுக்கு என்ன உண்டு? அதை மறைக்க ஒரு துணி! அவ்வளவுதானே நாம் கொடுத்தது?

அவையோரே, தசையின் பெயர்களைச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க நான் வரவில்லை. ஒரு பெண்ணின் கதையைச் சொல்ல வந்தேன். அவர் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். அவர் சொல்லவேண்டாம் என்றதைச் சொல்லமாட்டேன்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல்காரராக இருக்கும் ஒரு தங்கை. சட்டைக் காலர் தைப்பதில் அந்தக் கூடத்திலேயே அவர் கைக்கு ஈடு கிடையாது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரார் வீட்டு லிஃப்ட்டையெல்லாம் ஓடவைத்துவிட்டுத் தன் வீட்டுக்குப் படியேறிப் போகிறவர். வீட்டில் மூன்றாவது ஆள் மாமியார். அதிகம் பேசாதவர். பேசினால் அளந்து பேசுகிறவர். குறையில்லாத குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தை வரவிருந்தது.

எட்டாம் மாதம் கடந்திருந்தது. ஒருநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, வழக்கமாக அந்த நேரத்தில் உதைக்கும் பிள்ளை இன்னும் உதைக்கவில்லையே என்று தங்கைக்குத் தோன்றியது. தண்ணீர் குடித்துப் பார்த்தார். இடப்பக்கம் சாய்ந்து படுத்துப் பார்த்தார். பிறகு கணவரை அழைத்தார். மருத்துவமனையில் கருவியை வைத்துத் தேடினார்கள், தேடினார்கள், தேடிக்கொண்டே இருந்தார்கள். தேடியவரின் முகத்தைப் பார்த்தே தங்கை தெரிந்துகொண்டார்.

பிள்ளையைப் பெற்றார். ஆம், அவையோரே, பெற்றார். எல்லாத் தாயும் படும் அத்தனை வேதனையும் பட்டுத்தான் பெற்றார். பெண் குழந்தை. எல்லாத் தாய்க்கும் வேதனையின் முடிவில் ஓர் அழுகுரல் கேட்கும். இவருக்குக் கேட்கவில்லை.

வீடு திரும்பியபோது தொட்டிலும் சின்னத் துணிகளும் கண்ணில் படவில்லை. மாமியார் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தியிருந்தார். அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசினால் புண்ணாகும் என்று மாமியார் நினைத்தார். பேசினால் அழுவாள் என்று கணவர் நினைத்தார். பேச யாருமில்லை என்று தங்கை நினைத்தார். ஒரே கூரையின் கீழ் மூன்று பேர், மூன்று மௌனம்!

விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பினார். பிள்ளை போய்விட்டது, வயிறு போகவில்லை. அடிவயிறு தளர்ந்து முன்னால் தள்ளி நின்றது. பிள்ளையைத் தாங்க விரிந்த தசை மீண்டும் இறுகக் காலம் எடுக்கும். சிலருக்கு நடுவில் பிரிந்த தசை தானாகக் கூடாது. இது குற்றமல்ல, சோம்பலல்ல. இது உடம்பு செய்த வேலையின் சுவடு. ஆனால் தெருவுக்கு அதெல்லாம் தெரியுமா? கடையில் கேட்டார்கள், எத்தனை மாசம் என்று. படியில் கேட்டார்கள், எப்போ தேதி என்று. கேட்டவர்கள் கெட்டவர்களா? இல்லை. கேள்விதான் கத்தி.

ஒருநாள் பேருந்தில் கூட்டம். ஒரு பெரியம்மா எழுந்து, வாம்மா, நீ உட்காரு என்று இடம் கொடுத்தார். இல்லை என்று சொல்ல வாய் திறந்தார் தங்கை. சொன்னால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால் பேருந்தே திரும்பிப் பார்க்கும். உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா அன்போடு குனிந்து கேட்டார்.

"என்ன குழந்தைன்னு மனசுல தோணுது?"

"பொண்ணுங்க," என்றார் தங்கை.

பொய் சொல்லவில்லை அவர். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, வீடுவரைக்கும் நடந்தே போனார்.

அன்றிலிருந்து அவருக்குத் தன் வயிற்றின்மேல் பகை. அந்தப் பகைக்கு ஆயுதம் கொடுத்தது கைபேசி. ஏழே நாளில் என்கிறது ஒரு காணொளி. எரித்துவிடு என்கிறது இன்னொன்று. எரிப்பதற்கு அது என்ன குப்பையா? வீட்டார் எழும் முன்னே சமையலறைத் தரையில் படுத்து, இரண்டு காலையும் ஒருசேரத் தூக்கி இறக்கினார். கழுத்தைப் பிடித்து இழுத்து எழுந்து எழுந்து படுத்தார். எழும்போதெல்லாம் வயிற்றின் நடுவே ஒரு மேடு வரப்புபோல் புடைத்தது. அது கொழுப்பு என்று எண்ணி இன்னும் வேகமாகச் செய்தார். பிறகு அழுத்தமான துணியை மூச்சு முட்டச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனார். பாதி நாள் சாப்பிடவில்லை. கணவர் கவனித்துவிட்டு, விடும்மா, தானா சரியாயிடும் என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். தங்கையின் காதில் அது, நடந்ததையே விட்டுவிடு என்று விழுந்தது. மாமியார் பார்த்தார். பார்த்துவிட்டுக் காய் நறுக்கப் போனார்.

உடம்பு எத்தனை நாள் பொறுக்கும்? வெட்டிய துணிக் கட்டு ஒன்றைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. கூட இருந்த பெண்கள் தாங்கிப் பிடித்து, இஸ்திரி மேசையைத் துடைத்து அதன்மேல் படுக்கவைத்தார்கள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது தோலில் தடம் தடமாகச் சிவந்திருந்ததாம். மருத்துவர் பரிசோதித்தார். வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருக்கிறது, முரட்டுப் பயிற்சி அதை மேலும் தள்ளியிருக்கிறது, முன்னால் தாங்க ஆளில்லாததால் முதுகு முழுப் பாரத்தையும் சுமந்து சோர்ந்திருக்கிறது என்று சொல்லி, என்னிடம் அனுப்பினார்.

நான் அவரை மல்லாந்து படுக்கச் சொன்னேன். முழங்கால்களை மடக்கி, பாதங்களைப் படுக்கையில் ஊன்றச் சொன்னேன். அடிவயிற்றுப் பயிற்சியில் முதல் பாடம் காலைத் தூக்குவதல்ல, மூச்சு. ஒரு கையைத் தொப்புளுக்குக் கீழே வைத்து, மூச்சு உள்ளே போகும்போது வயிறு எழுவதையும், வெளியே விடும்போது அந்த இடம் மெல்ல உள்ளே ஒடுங்குவதையும் உணரவேண்டும். உணராத தசை உழைக்காது.

கையை வையுங்கள் என்றேன். கை நெஞ்சில் போய் நின்றது. இன்னும் கீழே என்றேன். பக்கவாட்டில் நழுவி விலாவைத் தொட்டது. நானே அந்தக் கையைப் பிடித்து இறக்கப்போனேன். விரல்கள் கல்லாக இறுகியிருந்தன. அப்போதுதான் அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அங்க மட்டும் வேணாங்க டாக்டர். அங்கதான் அவ கடைசியா அசைஞ்சா."

அவையோரே, நோயாளியின் கை வராவிட்டால் என்ன செய்யவேண்டும் என்று நான் படித்த பாடத்தில் எழுதியிருக்கிறது. தாயின் கை வராவிட்டால்? நான் வற்புறுத்தவில்லை. கையை விலாவிலேயே வைத்து மூச்சு விடுங்கள், அது போதும் என்றேன். அவ்வளவுதான் அன்றைய சிகிச்சை. வீட்டில் காலையில் ஒருமுறை, வேலை முடிந்து வந்து ஒருமுறை, அவசரமில்லாமல் செய்யச் சொல்லி அனுப்பினேன். சமையலறையில் ஒளிந்து செய்யாதீர்கள், கூடத்தில் செய்யுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் கூடத்தில் பாய் விரித்தார். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார். சில நாள் பார்த்தார். ஒருநாள் காலையில் கத்தியை வைத்துவிட்டு, ஒரு போர்வையைக் கொண்டுவந்து மருமகள் பக்கத்தில் விரித்து, சுவரைப் பிடித்து மெல்ல இறங்கிப் படுத்தார். என்ன செய்யணும்னு எனக்கும் சொல்லு என்று கேட்டார். மருமகள் சொல்லிக்கொடுத்தார், முழங்காலை மடக்குங்க அத்தை, கையை அடிவயித்துல வைங்க அத்தை என்று. தன்னால் செய்யமுடியாததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மாமியாரின் கை அடிவயிற்றில் போய் அமர்ந்தது. ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு. பிறகு அந்தப் பேசாத பெண்மணி பேசினார்.

"எனக்கும் ஒண்ணு போச்சும்மா. உம் புருஷனுக்கு முன்னாடி. அழுதா அடுத்தது தங்காதுன்னு சொன்னாங்க. அழல. அதுக்கப்புறம் இன்னிக்குத்தான் இங்க கை வைக்கிறேன்."

தொட்டிலை ஏன் மறைத்தார் என்று மருமகளுக்கு அந்த நொடியில் விளங்கியது. இரக்கமில்லாமல் செய்யவில்லை. தனக்கு அன்று அதை மறைக்க யாருமில்லையே என்ற நினைவில் செய்திருக்கிறார்! இரண்டு பெண்களும் அந்தத் தரையில் கிடந்தபடியே அழுதார்கள். எத்தனை ஆண்டு அழுகையை அந்த மூத்தவள் அடக்கி வைத்திருந்தாளோ! பல் துலக்கியபடி வந்த கணவர் வாசற்படியில் நின்றார். அழுகையைக் கண்டால் வெளியே போய்விடுவது அவர் வழக்கம். அன்று போகவில்லை. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"எனக்கு அவ முகம் நல்லா ஞாபகமிருக்கு. நான்தான கையில வாங்கினேன். நீ கேப்ப, சொல்லலாம்னு இருந்தேன்," என்றார்.

தங்கை கேட்டார். அவர் சொன்னார். நெற்றி எப்படி, விரல் எப்படி, உதடு யாரைப்போல என்று சொன்னார். அன்று கணவன் மனைவி இருவரும் வேலைக்குத் தாமதம். அந்த வீட்டில் அடுப்பே வெகுநேரம் கழித்துத்தான் எரிந்தது.

அடுத்தமுறை என்னிடம் வந்தபோது கையை வைக்க நான் சொல்லவில்லை. படுத்தார், முழங்காலை மடக்கினார், கையை எடுத்துத் தொப்புளுக்குக் கீழே தானே வைத்தார். மூச்சை விட்டார். விரல்களுக்கு அடியில் தசை மெல்ல விழித்தது. பிள்ளைக்கு வைக்க நினைத்திருந்த பெயரை என்னிடம் சொன்னார். அந்தப் பெயரை இங்கே நான் சொல்லமாட்டேன். அது அந்த வீட்டின் சொத்து.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கற்றார். முதுகுக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடைவெளி மறையும்படி இடுப்பை மெல்லச் சாய்த்தார். மூச்சை விட்டபடியே ஒரு குதிகாலைத் தரையோடு சறுக்கி நீட்டி, மீண்டும் மடக்கினார். பிறகு ஒரு பாதத்தை மட்டும் சற்றே உயர்த்தி இறக்கினார். நாற்காலியிலிருந்து எழும்போதும், துணிக்கட்டைத் தூக்கும்போதும் முதலில் மூச்சை விட்டு அடிவயிற்றை எழுப்பிக்கொள்ளப் பழகினார். விரைவாகவா நடந்தது? இல்லை. சில நாள் வலித்தது. சில நாள் பாயை விரிக்கவே மனமில்லாமல் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாமியார் எழுப்பவில்லை, தன் போர்வையை மட்டும் விரித்துப் படுத்தார். சத்தம் கேட்டு மருமகள் வந்துவிடுவார்.

வயிறு தட்டையானதா என்று மூன்றாம் வரிசையில் ஒரு சகோதரி கேட்கிறார். இல்லை, சகோதரியே. இன்றும் கொஞ்சம் முன்னால்தான் இருக்கிறது. ஆனால் பிரிந்த தசை நெருங்கிவிட்டது. முதுகு நிமிர்ந்துவிட்டது. துணிக்கட்டு மறுபடியும் அவர் தோளுக்கு ஏறுகிறது. மாமியாருக்கு என்ன ஆனது தெரியுமா? இருமினாலும் தும்மினாலும் குளியலறைக்கு ஓடவேண்டியிருந்த அந்த அம்மா இப்போது அவ்வளவாக ஓடுவதில்லை. முன்வரிசையில் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறீர்கள். வெட்கம் வேண்டாம் அம்மா! வயதின் விதி என்று நீங்கள் வாய்மூடித் தாங்குகிற பலவற்றுக்கு வழி உண்டு. வாய் திறந்து கேட்டால்தான் சொல்லமுடியும்.

தாய்மார்களே, இப்போது என் கடமையைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்றவர்கள், அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். செய்யும்போது வயிற்றின் நடுவில் மேடு புடைத்தால் நிறுத்துங்கள். வலித்தால் நிறுத்துங்கள். மூச்சை அடக்காதீர்கள். பட்டினி கிடக்காதீர்கள். பகையோடு செய்யாதீர்கள்! பகையோடு தைத்தால் ஊசி கையில் ஏறும், பகையோடு பயின்றால் பயிற்சி முதுகில் ஏறும்.

ஆண்களே, உங்களுக்கு உரிய பங்கு இதுதான். தானாகச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு நகராதீர்கள். தலைமாட்டில் வந்து உட்காருங்கள். உங்களுக்கும் நினைவிருக்கிறது என்று சொல்லுங்கள். அதற்கு மருத்துவப் படிப்பு வேண்டாம்.

எல்லோரையும் ஒன்று கேட்கிறேன். இனி எந்தப் பெண்ணின் வயிற்றைப் பார்த்தும் கேள்வி கேட்காதீர்கள். அவள் சொன்னால் மகிழுங்கள். சொல்லாவிட்டால் இடம் கொடுங்கள், காரணம் கேட்காமல் கொடுங்கள். அந்த வயிற்றில் இருப்பது உணவா, உறக்கமின்மையா, நோயா, நேற்றுவரை இருந்துவிட்டுப் போன ஓர் உயிரா, நமக்கு எப்படித் தெரியும்? தெரியாத இடத்தில் தலைவணங்குவதல்லவா பண்பு? தட்டையான வயிறு அழகு என்று எவர் விதித்தது? சுமந்த வயிறு அழகு! இழந்தும் எழுந்த வயிறு அழகு! மூச்சை இழுத்து, விட்டு, மறுநாளும் வேலைக்கு எழுந்து நிற்க வைக்கிறதே, அந்த வயிறு அழகினும் அழகு!

கைதட்டல் வேண்டாம். அந்தக் கைகளுக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். வலக்கையைத் தொப்புளுக்குக் கீழே வையுங்கள். ஆம், நாற்காலியில் அமர்ந்தபடியேதான். ஐயா தலைவர் அவர்களே, நீங்களும்தான். விசிலைக் கீழே வையுங்கள். கை வராதவர்கள் விலாவில் வையுங்கள், அதுவும் போதும். மெல்ல உள்ளே இழுங்கள். மெல்ல வெளியே விடுங்கள். கைக்கு அடியில் ஏதோ ஒன்று உள்ளே ஒடுங்குவது தெரிகிறதா? இத்தனை காலம் உங்களைத் தாங்கியது அதுதான்.

நாளைக் காலை கீழ்த்தள அறை திறக்கும். வகுப்பை நடத்தப்போவது நான் அல்ல. முறையைச் சொல்லிக்கொடுக்க வாரம் ஒருமுறை வந்துபோவேன், அவ்வளவே. தினமும் உங்களோடு தரையில் படுக்கப்போகிறவர், இதோ இடப்பக்கக் கடைசி நாற்காலியில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் அந்தத் தையல்காரத் தங்கைதான். மேடைக்கு வரமாட்டேன் என்று காலையிலேயே சொல்லிவிட்டார். வற்புறுத்தவும் மாட்டேன். ஆனால் அவர் மாமியார் மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார், பாருங்கள். வழி விடுங்கள். நிதானமாக வரட்டும்.

பொறுமையோடு செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. தன் வலியைப் பொதுவில் வைக்கச் சம்மதித்த அந்தக் குடும்பத்துக்கு, தலைவணங்கி நன்றி. மேடை இனி அவர்களுடையது. வணக்கம்.